எண்ணும்போது பேசக்கூடாது

கொஞ்சம் அக்கட்டால நகந்து உக்காரு அம்மிணி, கூடையை நடுவால வெச்சுக்கறேன். பயப்படாதே, கடிக்காது. மூடியைக் கயிறு போட்டு ரெண்டு முடிச்சுப் போட்டுத்தான் கொண்டுவந்திருக்கேன். உள்ள பூனை. ஜாங்கிரின்னு பேரு. நான் வெச்ச பேரில்லை, என் பொண்ணு மைதிலி வெச்சது. இடுக்கு வழியாப் பாரேன், அந்த நிறத்துக்கு வெச்சது. குணத்துக்கு வெச்சிருந்தா வேற பேருதான் வெச்சிருக்கணும்.

எங்கே கொண்டுபோறேன்னா கேக்கறே? மேட்டுப்பாளையத்துக்கு. அங்க உருளைக்கிழங்கு மண்டி ஒண்ணுல எலித் தொல்லை தாங்கலையாம். எங்க சித்தப்பா மகன் அங்கதான் இருக்கான். பஸ் ஸ்டாண்டுக்கே வந்து வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கான். இதை அவன் கையில தள்ளிட்டு நான் அப்படியே காரமடை போகணும், சம்பந்தி வீட்டுக்கு. இன்னும் சம்பந்தி ஆகலை, ஞாயித்துக்கிழமைதான் நிச்சயம். இன்னிக்கு வியாழனா, ஒன்றரைக்கு ராகுகாலம் வந்துரும். அதுக்குள்ள இந்தப் பை சம்பந்தியம்மா கைக்குப் போயாகணும். மணி என்ன? பதினொண்ணு ஆகப்போகுதா! குன்னூர்ல ஏறி அரை மணி நேரம் ஆச்சு, இன்னும் மரப்பாலமே வரலை. ஏனுங்க கண்டக்டர், என்னவாம் முன்னால? லாரியா? வளைவுல மாட்டிக்கிச்சா? விளங்கிப்போச்சு போ.

பையில என்னன்னா, ஸ்வெட்டர். மாப்பிள்ளைக்கு. நான் பின்னினது.

எங்கம்மா வீட்டு வழக்கம் இது. நிச்சயத்துக்கு முன்னாடி மாப்பிள்ளைக்குப் பொண்ணு வீட்டுல கையால பின்னின ஸ்வெட்டர் போகணும். அம்மா பின்னலாம், சித்தி பின்னலாம், யார் வேணும்னாலும் பின்னலாம். ஆனா கடைசி வரிசையை மட்டும் பொண்ணு கையாலதான் மூடணும். மூடறதுன்னா, ஊசியில நிக்கற கண்ணியை ஒண்ணுமேல ஒண்ணு தூக்கிப்போட்டு அடைச்சுக்கிட்டே வர்றது. அடைச்சுட்டா ஆயுசுக்கும் அவிழாது. அடைக்காம விட்டா நுனியைப் பிடிச்சு இழுத்தாப் போதும், சரசரன்னு அத்தனையும் வந்துரும். பொண்ணு மூடினதைப் பொண்ணோட அம்மா கொண்டுபோய்க் கொடுக்கணும். கொடுத்துட்டா வாக்குக் கொடுத்த மாதிரி. அப்புறம் பின்வாங்கற பேச்சே எங்க குடும்பத்துல கிடையாது.

அந்த ஸ்வெட்டரைப் பின்னி முடிக்க விட்டுச்சா இந்தச் சனியன்? மூணு தடவை பிரிச்சுப்போட்டுச்சு அம்மிணி, மூணு தடவை!

ஆரம்பத்துல இருந்து சொல்றேன் கேளு, வண்டிதான் நகரலையே. நான் ஒரு ஸ்கூல் ஹாஸ்டல் சமையல்கட்டுல வேலை பாக்கறேன். ரங்கநாயகின்னா அங்க எல்லாருக்கும் தெரியும். காலையில ஏழு மணிக்குப் போனா மூணு மணிக்குத்தான் வீடு. வந்ததும் கையைக் கழுவிட்டு ஊசியை எடுத்துருவேன். எங்க வீட்டுக்காரர் போய்ச் சேந்து ஒம்பது வருஷம் ஆச்சு, அந்த ஊசிதான் எனக்குத் துணை. மைதிலி லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மத்தியான ஷிப்ட். அவதான் ரெண்டு குட்டியைத் தூக்கிட்டு வந்தா, மழையில சாக்கடை ஓரமாக் கிடந்துச்சாம். ஒண்ணு ஜாங்கிரி, இன்னொண்ணு பூந்தி. பூந்தி பாவம், சோத்தைத் தின்னுட்டு டிவி மேல தூங்கும். அதனால ஒரு தொந்தரவும் இல்லை, அது வீட்டுலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

இது இருக்கே, இது அப்படியில்லை. ஊசி ஆடறதைப் பாத்தா இதுக்குக் கண்ணு ரெண்டும் உருண்டையாயிரும். நான் பின்னப் பின்ன நூலைப் பிடிச்சு இழுக்கும். ஒரு நாள் உருண்டையைக் கவ்விக்கிட்டு வீடு பூராச் சுத்திருச்சு. நாற்காலிக் கால்ல ரெண்டு சுத்து, கட்டில் கால்ல ரெண்டு சுத்து, தையல் மிஷின்ல நாலு சுத்து. சிக்கு எடுக்க மூணு மணி நேரம் ஆச்சு. எச்சில், முடி, பாதி நூல் கடிச்சு அறுந்துபோய்க் கிடந்துச்சு. மைதிலி விழுந்து விழுந்து சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சதை அன்னிக்குத்தான் கடைசியாப் பாத்தேன். கல்யாணம்னு வந்துட்டா பொண்ணுங்களுக்கு ஒரு அடக்கம் வந்துரும் இல்லியா, அதுதான்.

வரன் எப்படிக் கிடைச்சுதுங்கறே? பேரு லோகநாதன். காரமடையில சொந்தமா ஹார்டுவேர் கடை. மைதிலிக்கு இருபத்தொம்பது முடிஞ்சுருச்சு, ஏற்கெனவே ஒரு இடம் கூடி வந்து தட்டிப்போச்சு. ஊர்ல எவ எவ வாயிலயோ விழுந்து எழுந்திருச்சோம். அந்த நேரத்துல தெய்வமாப் பாத்து அனுப்பின மாப்பிள்ளை. நெம்ப அக்கறை அம்மிணி. பாக்க வந்த அன்னிக்கே அவ போனை வாங்கி, இது யாரு, அது யாரு, இவன் எதுக்கு உனக்கு மெசேஜ் போடறான்னு ஒண்ணு விடாமக் கேட்டார். வேத்து ஆளா இருந்தா கேப்பாரா? வேலைக்கெல்லாம் போக வேண்டாம், வீட்டோட இருந்தாப் போதும்னும் சொல்லிட்டார்.

அன்னிக்கு இந்த ஜாங்கிரி சும்மா இருக்காம அவர் கால்ல போய் உரசிக்கிட்டு நின்னுச்சு. அவர் ஓரமாத் தள்ளிவிட்டார். கால்லதான். ஷூ போட்டிருந்தார், கொஞ்சம் வேகமாப் பட்டுருச்சு போல, செவுத்துல போய் மோதி ரெண்டு நாள் நொண்டுச்சு. அவர் சிரிச்சுக்கிட்டே, "இதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் கூடாது"ன்னார். மைதிலி பூனையைத் தூக்கிக்கிட்டு உள்ள போனவ, காபி கொடுக்கக்கூட வெளிய வரலை. நான்தான் வெக்கப்படறா மாப்பிள்ளைன்னு சமாளிச்சேன்.

அட, நீ ஏன் அப்படிப் பாக்கறே? ஆம்பளைன்னா கொஞ்சம் முன்கோபம் இருக்கத்தான் செய்யும். எங்க வீட்டுக்காரருக்கு இல்லாத கோபமா? கை நீளும், அவ்வளவுதான். மத்தபடி தங்கம்.

சரி, ஸ்வெட்டருக்கு வர்றேன். ஊதா உல்லன் வாங்கிட்டு வந்து தைப்பூசத்து அன்னிக்கு ஆரம்பிச்சேன். மொதல்ல முதுகு. பாதிக்கு மேல வந்துருச்சு. ஒரு நாள் மூணு மணிக்கு வீட்டுக்கு வந்து பாக்கறேன், ஊசி தனியாக் கிடக்குது, பின்னினது ஒரு வரிசைகூட இல்லை. மைதிலி வீட்டுலதான் இருந்தா, மத்தியான ஷிப்டுக்குப் போகாம லீவு போட்டு, தலைவலின்னு படுத்திருந்தா. "ஏண்டி, இத்தனையும் இந்தப் பூனை பிரிக்கற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தே?"ன்னேன். "தூங்கிட்டேம்மா"ன்னா. பாவம், அவ மொகமே செத்துப்போயிருந்துச்சு. என்னைவிட அவளுக்குத்தான் வருத்தம்.

ஒரு நல்ல காலம் என்னன்னா, நூலுக்கு ஒண்ணும் ஆகலை. உருண்டையா அழகாச் சுத்தி கூடையில இருந்துச்சு. திரும்பப் பின்ன வசதியாப் போச்சு.

ரெண்டாவது தடவை வலது கை. இந்தத் தடவை பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டாமச் சாத்திட்டுத்தான் போனேன். வந்து பாத்தா கை இல்லை. பீரோக் கதவை இது திறக்கும் அம்மிணி, காலை விட்டு நெம்பும், நான் பாத்திருக்கேன். அப்பவும் நூல் பத்திரமா உருண்டையா இருந்துச்சு. ஊசிகூட டப்பாவுக்குள்ள போயிருந்துச்சு. மூணாவது தடவை முன்பக்கம், போன மாசம். நான் விடுவேனா? ஹாஸ்டல்ல பதினஞ்சு நாள் லீவு போட்டுட்டேன். இந்தப் பூனையைக் குளியல் ரூம்ல போட்டு அடைச்சேன். வெறி பிடிச்ச மாதிரி பின்னினேன், பக்கத்துல யாரையும் விடலை.

எனக்கு ஒரு பழக்கம். கண்ணி எண்ணும்போது யாரும் என்கிட்டப் பேசக்கூடாது. ஒரு வார்த்தை காதுல விழுந்தாலும் கணக்குத் தப்பிரும், வரிசை பூராப் பாழ். யாராவது வாயைத் திறந்தா இதோ இப்படிக் கையைத் தூக்கிக் காட்டிருவேன். வீட்டுல எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்டுக்காரர்கூட அந்தக் கைக்கு மட்டும் அடங்குவார்.

என்ன கேட்டே? உருண்டையை யார் சுத்தினதா?

யாரு சுத்தினதுன்னா... இருந்துச்சு. கூடையில இருந்துச்சு. பிரிஞ்ச நூலைப் பாத்துட்டு மைதிலி சுத்தி வெச்சிருப்பா. தூங்கிட்டுத்தான் இருந்தா, எழுந்திருச்ச பிறகு சுத்தியிருப்பா. நீ என்ன அம்மிணி, போலீஸ் மாதிரி கேக்கறே?

அதோ, லாரியை எடுத்துட்டான். போகட்டும், போகட்டும். ஏனுங்க டிரைவர், கொஞ்சம் அழுத்துங்க.

காலையில என்ன நடந்துச்சுன்னா, நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள மைதிலி கடைசி வரிசையை மூடி, மடிச்சு, கவர்ல போட்டு, பையில வெச்சுட்டா. நான் சொல்லாமலேயே! "பிரிச்சுப் பாக்காதேம்மா, கசங்கிரும்"னா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ஜாங்கிரியைக் கூடையில போடும்போதுகூட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலை. மடியில கொஞ்ச நேரம் வெச்சுக்கிட்டா, அது காதைத் தடவிக்கிட்டே இருந்தா, அப்புறம் அவளே உள்ள விட்டா. "மெதுவாப் போயிட்டு வாம்மா, ஒண்ணும் அவசரமில்லை"ன்னா. வாசல்ல நின்னு நான் தெருமுனை திரும்பற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா.

நீயும் பின்னுவியா? அட, மொதல்லயே சொல்லக்கூடாதா! அப்ப நீ பாத்தே ஆகணும். கசங்கினாக் கசங்கட்டும், ரெண்டே நிமிஷம். இதோ. தொட்டுப் பாரு. கழுத்துப் பட்டியைப் பாரு, தொண்ணூத்தாறு கண்ணி, சுத்தி வட்டமா, ஒரு மேடு பள்ளம் இருக்காது. ஒரு நுனி நூல் மட்டும் வெளிய நிக்குது, உள்ள சொருக மறந்துட்டா. இரு, நான் சொருகறேன்.

ஐயையோ.

ஐயோ, இது என்ன? வருதே. இழுக்க இழுக்க வருதே! இந்தச் சனியன் பிடிச்ச பூனை இங்கயும்...

இல்லை. இது கூடையில இருக்குது. முடிச்சு ரெண்டும் போட்டபடி இருக்குது. பாரு, தூங்குது.

அம்மிணி, நீயும் பாரு, என் கண்ணு சரியாப் பாக்குதா? மூடலை. அவ மூடவே இல்லை. அதே ஊதா நூல்ல ஒரு இழையைக் கண்ணிக்குள்ள சும்மாக் கோத்து விட்டிருக்கா, பாக்கறவங்களுக்கு மூடின மாதிரி தெரியட்டும்னு. அந்த இழை இப்ப என் கையோட வந்துருச்சு. தொண்ணூத்தாறு கண்ணியும் வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. அந்தம்மா கையில கொடுத்து, அவங்க பிரிச்சுப் பாத்து, நாலு பேர் முன்னால இது இப்படிக் கையோட வந்திருந்தா? என் மானம் என்ன ஆகியிருக்கும்!

கழுதை! கூறுகெட்ட கழுதை! அவசரத்துல பண்ணியிருப்பா. நேரமில்லாமப் பண்ணியிருப்பா. ஒண்ணும் குடி முழுகிப்போகலை, ஊசி என் பையிலயே இருக்குது. கண்ணியெல்லாம் ஊசியில ஏத்தி நானே மூடிர்றேன். பத்து நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப்போகுது? எங்கம்மாவும் அப்படித்தான் பண்ணினாங்க. எனக்கு மாப்பிள்ளை பாத்தப்போ கடைசி வரிசையை நான் மூடலை, காய்ச்சல்னு சொல்லி மூணு நாள் எழுந்திருக்கவே இல்லை. காய்ச்சல்னு சொன்னேன். எங்கம்மா நெத்தியைத் தொட்டுப் பாத்தாங்க, ஒண்ணும் கேக்கலை, போய் உக்காந்து மூடிட்டாங்க. கொண்டுபோய்க் கொடுத்துட்டாங்க.

இந்தக் கவரைப் பிடிச்சுக்கோ. வண்டி வளைவுல திரும்பும்போது கண்ணி நழுவிரும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... பதினொண்ணு, பன்னெண்டு... இருபத்தாறு, இருபத்தேழு... முப்பத்தெட்டு...

...

நீ என்னமோ சொல்ல வந்தே. நான் கையைத் தூக்கிட்டேன்.

இரு. பேசாதே. இல்லை, எண்ணலை. எண்ணறதை விட்டுட்டேன். கொஞ்சம் இரு.

பொண்ணு பாத்துட்டுப் போன மறுநாள் சாயங்காலம், முதுகுக்குக் கண்ணி ஏத்திட்டிருந்தேன். அவ வந்து என் பக்கத்துல உக்காந்தா. "அம்மா, எனக்கு அவரை..."ன்னா. எழுபதாவது கண்ணியில இருந்தேனோ என்னமோ. கையைத் தூக்கினேன். அவ உக்காந்தே இருந்தா. நான் நூத்திருபது எண்ணி முடிச்சு நிமிந்து பாத்தா அங்க இல்லை. அப்புறம் கை பின்னும்போது ஒரு தடவை வந்தா. அப்புறம் முன்பக்கத்துக்கு. "அம்மா, ஸ்வெட்டர் முடியலைன்னா என்ன ஆகும்?"னு கேட்டா. ஸ்வெட்டர் மேல எத்தனை ஆசை பாருன்னு நான் பக்கத்து வீட்டுல சொல்லிச் சிரிச்சேன்.

அவ வாயைத் திறந்து சொல்லவே இல்லைன்னு நெனச்சுட்டிருந்தேன் அம்மிணி. நான்தான் கையைத் தூக்கிக்கிட்டே இருந்திருக்கேன்.

அந்த உருண்டை. நாலு சுத்து நேரா, நாலு சுத்து குறுக்கே, நடுவுல நுனியை மடிச்சுச் சொருகி வெக்கறது. உலகத்துல ரெண்டே பேர்தான் அப்படிச் சுத்துவோம். நானும் அவளும். ஏழு வயசுல நான்தான் கையைப் பிடிச்சுச் சொல்லிக்கொடுத்தேன். மூணு தடவையும் அந்த உருண்டை என் கையில இருந்துச்சு, நாலு மாசம் அதுல இருந்துதானே எடுத்து எடுத்துப் பின்னினேன்! பூனை பிரிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? சிக்கு எடுத்தவதானே நானு? மொத நாளே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சுதான் இருந்துச்சோ என்னமோ. எங்கம்மாவுக்கும் என் நெத்தி சுடலைன்னு தெரிஞ்சுதான் இருந்துச்சு.

பர்லியாறு தாண்டிட்டோமா? போனை எடு பாக்கலாம், என் பையில முன்பக்கம். சிக்னல் இல்லையா? கல்லாறு வந்தாத்தான் வருமா? இன்னும் எத்தனை வளைவு? வீட்டுல தனியா இருக்கா அம்மிணி. அவசரமில்லை, மெதுவா வான்னாளே. வாசல்ல அப்படி நின்னாளே. ஏனுங்க கண்டக்டர், கல்லாறுல இறக்கி விடுங்க, மேலே போற வண்டியைப் பிடிக்கணும். டிக்கெட் காரமடைக்கு எடுத்தாத்தான் என்ன, இறங்கக்கூடாதா? எனக்கு இறங்கணும்!

சித்தப்பா மகன் பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டுப் போகட்டும். எலி தின்னாத் தின்னட்டும்.

ஸ்வெட்டரைக் கொடு இப்படி. ஊசியை உருவிடு. ஆமா, உருவு, கண்ணி போனாப் போகட்டும். இந்த நுனியைப் பிடிச்சு நீ மெதுவா இழுத்துக்கிட்டே வா, நான் சுத்தறேன். நாலு நேரா, நாலு குறுக்கே. வேகமா வேண்டாம், சிக்கு விழுந்துரும். என்னமா வருது பாரு. கழுத்து போயிருச்சு. இனி தோள்பட்டை, தையலைப் பல்லால கடிச்சு விட்டாப் போதும். அழலை, அழலை. புகை கண்ணுல பட்டுருச்சு, முன்னால போற லாரிப் புகை. அழுதாத்தான் என்ன?

ஏய் ஜாங்கிரி, முழிச்சுட்டியா? நூலைப் பாத்ததும் காலை வெளிய நீட்டறியா? நீட்டு, நீட்டு. ஒரு தப்பும் பண்ணாம ஜெயிலுக்குப் போக இருந்தியே, நீ மட்டும் பேசியிருந்தா என்னைக் காறித் துப்பியிருப்பே.

போன் அடிக்குது! எடு, எடு, அவதான். இல்லையா? லோகநாதனா? நாலு மிஸ்டு கால் வேற இருக்குதா? அடிக்கட்டும். எங்கே வர்றீங்க, ஏன் லேட்டுன்னு கேக்கத்தான். அக்கறை! கட் பண்ணு. கட் பண்ணிட்டியா? இப்ப மைதிலின்னு இருக்கும் பாரு, அதை அமுக்கிக் காதுல வை. என் கையில உருண்டை இருக்குது.

அடிக்குது.

எடுக்கலை. இன்னும் அடிக்குது. எடு சாமி. எடு கண்ணு. அம்மாடி, எடுத்துரு...

மைதிலி! அம்மாதான் பேசறேன். எங்கே இருக்கே? வீட்டுலயா? பூந்தி பக்கத்துல இருக்குதா? ம். ம். ஜாங்கிரி என் மடிகிட்ட இருக்குது, நானும் அதுவும் கல்லாறுல இறங்கித் திரும்பி வர்றோம். அழாதே. கொஞ்சம் இரு, அழாதே. அன்னிக்குப் பொண்ணு பாத்துட்டுப் போன மறுநாள் சாயங்காலம் என்கிட்ட ஒண்ணு சொல்ல வந்தே இல்லை, பாதியில நிறுத்திட்டியே? அதை இப்பச் சொல்லு.

இல்லை சாமி, எண்ணலை. கை சும்மாத்தான் இருக்குது. சொல்லு, கேக்கறேன்.